வெடியாத தோட்டா யாருடைய வினை?

40 ஆண்டுகளாகப் பெட்டகத்தின் அடியில் கிடந்த ஒரு சொட்கண் தோட்டா இன்றைக்கு வெடிக்குமா? துவக்கைப் பற்றித் தெரிந்தவரிடம் கேட்டால், "அநேகமாக வெடிக்கும், அதுதான் கரைச்சல்" என்பார். வெடிக்கவே வெடிக்காது என்றால் அது வெறும் பித்தளையும் ஈயமும். கட்டாயம் வெடிக்கும் என்றால் அதற்கேற்ற கவனத்தோடு நடந்துகொள்ளலாம். பழைய தோட்டா இந்த இரண்டிலும் சேராமல் நடுவே கிடக்கிறது.

பழைய தோட்டாக்களின் உடல் மெழுகு பூசிய கடதாசி. 1960இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்த பிறகுதான் கடதாசி மெல்ல மறைந்தது. உப்புக் காற்றில் கடதாசி ஊதும். ஊதிய தோட்டா குழலுக்குள் ஏறாது, ஏறினாலும் திரும்பி வராது. பித்தளை அடி பச்சை பிடிக்கும். உள்ளே இருப்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கரிமருந்து என்றால், ஈரத்தில் சோர்ந்துபோய், காய்ந்ததும் மறுபடி எரியத் தக்கதாகிவிடலாம். 2008இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், 1860களின் உள்நாட்டுப் போரில் எறியப்பட்டு வெடிக்காமல் போன பீரங்கிக் குண்டு ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். சுட்டவனும் சுடப்பட வேண்டியவனும் மண்ணாகி ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

புகையில்லா மருந்தின் கதை வேறு. நைட்ரோசெலுலோஸ் தன்பாட்டில் சிதைகிற பொருள். சிதைவை அடக்கி வைக்க டைபீனைலமைன் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அது தீர்ந்துபோனால் சிதைவு வேகம் பிடிக்கும். வெக்கை அதை இன்னும் விரட்டும். ஓட்டுக்குக் கீழே பரணில் வைத்த பெட்டிக்கும் நிலவறையில் வைத்த பெட்டிக்கும் வயது ஒன்றானாலும் மூப்பு ஒன்றல்ல.

சுடுகிறவருக்கு முழுவேகத்தில் வெடிக்கும் தோட்டாவைவிட அரைகுறையாக வெடிக்கும் தோட்டாதான் ஆபத்து. சில வேளை விசையை இழுத்துச் சில நொடி கழித்து வெடிக்கும். "வெடிக்கேல்லை" என்று குழலைத் திறந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேரேயே வெடித்துவிடலாம். வேறு சில வேளை மருந்து நலிந்து, சன்னத்துக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள அட்டை அடைப்பைப் பாதிக் குழல் வரைதான் தள்ளும். சுட்டவர் அதை அறியாமல் அடுத்த தோட்டாவைப் போடுவார். அந்தத் தோட்டா புதியது, பழுதில்லாதது. ஆனாலும் முந்தியதன் மிச்சம் வழியை அடைத்திருப்பதால் குழல் பிளந்து சுட்டவரின் கை போகும்.

முந்தியதன் மிச்சம் அடுத்ததைக் கெடுப்பது. இந்த வாக்கியத்தைத் துவக்குக்காரர் சொன்னாலும் யாழ்ப்பாணத் தீவகத்துச் சைவர் ஒருவருக்கு அது சித்தாந்த வகுப்பில் கேட்ட பேச்சாகவே காதில் விழும். செய்து முடித்தும் பலன் தராமல் இருப்பில் கிடக்கும் வினையைச் சைவ சித்தாந்தம் சஞ்சிதம் என்கிறது. அதிலிருந்து இந்தப் பிறவிக்கு என்று எடுத்துவிடப்பட்ட பங்கு பிராரத்தம். அதை நுகரும்போது புதிதாகச் சேர்வது ஆகாமியம். அத்வைதிகள் இதை விளக்கத் தூணியையும் அம்பையும் எடுத்துக்கொண்டார்கள்: தூணியில் கிடப்பது சஞ்சிதம், நாணில் ஏற்றியது ஆகாமியம், கையை விட்டுப் போனது பிராரத்தம். விட்ட அம்பு வேகம் தீருமட்டும் போய்த்தான் விழும் என்ற உவமையைச் சங்கரர் தம் உரையிலேயே ஆளுகிறார். ஆயுதக்கிடங்கைக் கொண்டு கன்மத்தை விளக்கும் மரபு இவ்வளவு பழையது என்றால், கன்மத்தைக் கொண்டு ஆயுதக்கிடங்கைக் கேள்வி கேட்பதில் தவறில்லை. சுடப்படாத தோட்டா ஒரு செயலா, இல்லையா? செயல் என்றால் அது யாருடையது? அதைத் தீர்ப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குத் தீவகத்தின் அனலைதீவும் அதன் சுற்றுத் தீவுகளும் பொருத்தமான இடம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள்: அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெரிய தீவு லைடன். கூடவே ஊர்காவற்றுறைக் கடலில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் பிடித்துக் கடற்கோட்டையாக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வீட்டுத் துவக்குகள் வந்தன. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஊரில் வசதியும் செல்வாக்கும் உள்ள சிலரின் வீட்டில் ஒரு சொட்கண் சுவரில் தொங்குவது பிறகு வழக்கமாயிற்று. 12 கேஜ் என்று அதைச் சொல்வதன் கணக்கு எளிது: ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும்.

1980களில் இந்த உரிமத் துவக்குகள் பலவற்றை ஆயுதப் போராட்ட இயக்கங்கள் வீடு வீடாகப் போய் எடுத்துக்கொண்டன. துவக்கு போன வீட்டில் தோட்டா மிஞ்சியிருக்க இடமுண்டு. அதற்குப் பின் வந்த ஆயுதங்கள் வேறு அளவின. 1990களின் தொடக்கத்தில் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனது. சனங்களில் பெரும்பகுதி குடாநாட்டுக்கும் வன்னிக்கும், பிறகு ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போனது. 1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி அராலி முனையில் லெப்டினன்ட் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் மேஜர் ஜெனரல் விஜய விமலரத்னவும் உடனிருந்த அதிகாரிகளும் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார்கள். வெடியை வைத்தது யார் என்ற சர்ச்சை தென்னிலங்கையில் ஆண்டுக்கணக்காக ஓடியது, அதற்கு ஆணைக்குழுவும் அமைந்தது. ஒரு முழு நாடும் தேடிய பெயருக்கே இந்த நிலை. பெயர் தேடப்படாமல் மண்ணுக்குள் கிடப்பவை ஆயிரம்.

சித்தாந்தம் இந்த இடத்தில் ஒரு பிடிவாதமான வாதத்தை வைக்கிறது. கன்மம் சடம், அறிவில்லாத பொருள். செய்தவன் இன்னான் என்று அதற்குத் தெரியாது, எப்போது போய்ச் சேருவது என்றும் தெரியாது. ஆகவே வினையைச் செய்தவனுக்கு ஊட்ட அறிவுள்ள ஒரு முதல் வேண்டும், அவனே இறைவன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களின் வழிநூல்களும் உரைகளும் இந்த நியாயத்தை விரித்துக்கொண்டே போகின்றன. மீமாம்சகர் இதை ஏற்பதில்லை. சடங்கு முடிந்தாலும் அபூர்வம் என்ற ஒரு ஆற்றல் மிஞ்சி, காலம் வந்ததும் தானே பலனைத் தரும், நடுவே ஒருவர் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி.

வெடிமருந்து இந்த வழக்கில் மீமாம்சகர் பக்கம் சாட்சி சொல்வதுபோல் தோன்றும். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் உருவாக்கிய புகையில்லா மருந்துதான் பிரான்சின் போர்க்கப்பல்களில் நிறைந்திருந்தது. 1907 மார்ச் 12ஆம் திகதி தூலோன் துறைமுகத்தின் உலர்துறையில் நின்ற இயேனா என்ற கப்பல் வெடித்தது. 1911 செப்டெம்பர் 25ஆம் திகதி அதே தூலோனில் லிபர்த்தே வெடித்தது. எதிரி இல்லை, போர் இல்லை, விசையை இழுத்த கை இல்லை. இருப்பில் கிடந்த மருந்து கெட்டுச் சூடேறித் தானாகத் தீப்பிடித்ததாகவே காரணம் கண்டார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகள் போனார்கள். நம் பக்கத்திலும் 2016இல் ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு கிடங்குகள் வெடித்தன: மே 31 அன்று மகாராஷ்டிரத்தின் புல்கான், ஜூன் 5 அன்று கொழும்புக்குக் கிழக்கே கொஸ்கமவிலுள்ள சாலாவ முகாம். இலங்கைப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சித்தாந்தி இதற்கு அசைந்துகொடுக்க மாட்டார். மருந்து தானாக எரிந்தது உண்மைதான், ஆனால் அது யாரைத் தேடிப் போனது என்று திருப்பிக் கேட்பார். இயேனாவின் மருந்து ஜெர்மன்காரருக்காகச் சேர்த்தது, செத்தவர்கள் பிரெஞ்சுக்காரர். சடம் வெடிக்கும், ஆனால் சடத்துக்கு ஆள் தெரியாது. இதைவிட நல்ல சாட்சி அவருக்குக் கிடைக்காது. ஆனால் இதே சாட்சி அவர் கொள்கையின் இன்னொரு மூலையில் உறுத்துகிறது. வயலில் மிதிவெடியை மிதித்த பிள்ளைக்கு அது அவனுடைய பிராரத்தம் என்றால், வைத்தவன் யார்? இறைவனின் கையில் ஒரு கருவியா?

யாழ்ப்பாணத்துச் செத்தவீடுகளில் "அவன்ரை விதி" என்ற சொல் எளிதில் வந்துவிடும். ஆற்றாமையில் சொல்லப்படும் ஆறுதல் என்ற அளவில் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தத்துவம் என்ற அளவில் அது பாதிப் பேச்சு. மிதித்தவனின் கணக்கைப் பற்றி அது பேசுகிறது, வைத்தவனின் கணக்கைத் தொடுவதே இல்லை. சித்தாந்த நூல்கள் அப்படி விட்டுவிடவில்லை. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் செய்தது செய்தவனைச் சேரும். அடுத்தவனின் ஊழுக்குக் கருவியானேன் என்ற சாட்டு அங்கே எடுபடாது.

அனலைதீவுக்குத் தெற்கே கடலைத் தாண்டினால் நயினாதீவு. நாகபூசணி அம்மனும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் நிற்கும் தீவு. மகாவம்சம் புத்தரின் இரண்டாவது இலங்கை வருகையை இங்கே வைக்கிறது: மகோதரன், சூலோதரன் என்ற நாக அரசர்கள், மாமனும் மருமகனும், ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டி நின்றபோது புத்தர் வந்து சண்டையை நிறுத்தினார். சாத்தனாரின் மணிமேகலை இதே கதையை மணிபல்லவத்தில் வைத்து, அந்தப் பீடிகையைக் கண்டவர்க்குப் பழம்பிறப்பு தெரியும் என்கிறது. நயினாதீவே மணிபல்லவம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. காப்பியத்தில் புத்தர் செய்தது வியப்பானது. இருவரில் ஒருவருக்கு அந்த ஆசனத்தைத் தீர்த்துக் கொடுக்காமல், அது என்னுடையது என்று சொல்லி ஏறி அமர்ந்துகொள்கிறார். திரட்டிய படைகள் என்ன ஆயின, ஓங்கிய வாள்களை என்ன செய்தார்கள் என்று காப்பியம் சொல்வதில்லை. சமாதானக் கதைகள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். மிச்சம் கிடக்கும் ஆயுதம் கதைக்கு வெளியே போய்விடும்.

பௌத்த சட்ட நூல்கள் அதை வெளியே விடவில்லை. பௌத்தத்தில் எண்ணமே வினை. எண்ணாமல் நேர்ந்த சாவுக்கு எண்ணிச் செய்த கொலையின் பாவமில்லை. அப்படியென்றால் இன்றைக்கு எண்ணி, நாளைக்கு வெடிக்க வைத்தால்? அனுராதபுரத்து மகாவிகாரையில் 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் தொகுத்த சமந்தபாசாதிகை, கொலை செய்யும் வழிகளை ஆறாக எண்ணுகிறது. தன் கையால் கொல்வது, எறிந்து கொல்வது, ஏவிக் கொல்வது ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்று வருகிறது: நிலைத்த பொறியால் கொல்வது. குழி வெட்டி வைப்பது, பொறி அமைத்து விட்டுப் போவது போன்றவை. வெட்டியவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் விழுந்தவர் செத்தால் குற்றம் வெட்டியவருக்கு. இன்றைய மிதிவெடிக்கும், வன்னியில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்குக்கும் பொருந்தும் விதி 1500 ஆண்டுகளுக்கு முன் இலங்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பௌத்த அறிஞர் வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் நான்காம் அதிகாரத்தில் இன்னும் சங்கடமான இடத்துக்குப் போகிறார். கொல்லச் சொல்லி ஆள் அனுப்பியவர் வீட்டில் இருக்கிறார்; ஒரு மாதம் கழித்துக் கொலை நடக்கிறது. அந்த நேரத்தில் அனுப்பியவரின் மனத்தில் கொலை எண்ணமே இல்லாமல் இருக்கலாம். பின் எது அவரைக் கொலையாளி ஆக்குகிறது? வைபாசிகப் பௌத்தர்கள் சொன்ன விடை: ஏவிய கணத்திலிருந்து வெளியே தெரியாத ஒரு வினை அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது, கொலை நிறைவேறியபோது அது முழுமை பெற்றது. சௌத்திராந்திகப் பௌத்தர்கள் அப்படி ஒரு பொருளே இல்லை என்று மறுத்தார்கள். வாதம் நீளமானது. இதற்கு நடுவே வசுபந்து ஒரு தனிக் கேள்வியைப் போடுகிறார்: கொல்ல முனைந்தவன், கொல்லப்படுபவனுக்கு முன்பே அல்லது அவனோடு சேர்ந்தே செத்துப்போனால்? கொலைவினை முழுமையடையாது என்கிறார். அது நிறைவேறும் கணத்தில் அதை ஏற்க அந்த ஆள் இல்லை. இருப்பது வேறு பிறவியின் வேறு உடல்.

தர்க்கம் குற்றமற்றது. விளைவைப் பார்த்தால் தலை சுற்றும். 1991இல் ஒருவன் மிதிவெடி வைக்கிறான், 1995இல் சாகிறான், 2010இல் அது ஒரு பெண்ணின் காலைக் கொண்டுபோகிறது. வசுபந்துவின் கணக்கில் அந்தக் காயம் ஏறக்குறைய அநாதை. தொடக்கத்து எண்ணத்தின் பாவம் அவனோடு போயிற்று. முடிவின் பாவத்தை எழுத ஏடு இல்லை. எண்ணத்தை நடுவே வைத்த எந்த அறமும், நீதிமன்றத்தின் குற்றவியலானாலும், இந்த இடத்தில் கை விரித்துத்தான் நிற்கிறது. எண்ணங்கள் மருந்தைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிறவை.

சமணர் எதிர்த் திசையில் போனார்கள். அவர்களுக்குக் கன்மம் ஒரு நுண்ணிய பொருள். உயிரில் ஒட்டும், குறித்த காலம் தங்கும், பலன் தந்து உதிரும். பகவதி சூத்திரத்தில் மகாவீரரிடம் அவர் மாணவர் கௌதமர் கேட்கும் கேள்விகளில் ஒன்று அம்பைப் பற்றியது. வில்லை வளைத்து எய்பவனுக்கு வினை உண்டு, சரி. விடை அதோடு நிற்கவில்லை. எந்த உயிர்களின் உடலிலிருந்து வில்லும் நாணும் அம்பும் செய்யப்பட்டனவோ, அந்த உயிர்களையும் வினை தொடுகிறது என்கிறது. முதல் வாசிப்பில் இது மிகை. மரத்துக்கும் மாட்டு நரம்புக்கும் என்ன பொறுப்பு? நிதானமாகப் பார்த்தால், கொலைக்கருவி ஒன்றில் தன் உடைமை எதையாவது விட்டுவைத்த எவரும் தமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. இல்லறத்தாருக்கு இதைச் சமணம் நடைமுறை விதியாக இறக்கித் தந்தது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு வரை வரும் அந்த மரபில், பயனின்றிச் செய்யும் தீங்குகளின் பட்டியலில் கொலைக்கருவிகளைப் பிறர் கைக்குக் கொடுப்பதும் ஒன்று. கோடரி, வாள், நெருப்பு, நஞ்சு, சங்கிலி எல்லாம் அதற்குள் அடங்கும். கொடுத்தவர் கொல்ல நினைத்தாரா என்பது அங்கே கேள்வியே அல்ல.

கைவிட்டுப் போன வீட்டின் பெட்டகத்தில் தோட்டாப் பெட்டியை விட்டுப்போவதும் யாரோ ஒருவர் கைக்குக் கொடுப்பதுதான். யாருக்கு என்று தெரியாது, அவ்வளவே.

இனி, தீர்ப்பது எப்படி? பழைய தோட்டா கிடைத்தவர்களுக்கு உலகெங்கும் முதலில் தோன்றும் வழி, அதைச் சுட்டுத் தீர்த்துவிடுவது. வீணாக்குவானேன் என்ற சிக்கனமும் அதில் உண்டு, உள்ளூர ஒரு சமயக் கருத்தும் உண்டு: பலனை அனுபவித்தால் கடன் தீரும். பிராரத்தத்துக்குச் சித்தாந்தம் சொல்வது அதுவே. உடல் இருக்கும்வரை நுகர்ந்துதான் கழிக்க வேண்டும், ஞானிக்கும் விலக்கில்லை. ஆனால் சஞ்சிதத்துக்கு அந்த வழியைச் சித்தாந்தம் சொல்லவே இல்லை. இருப்பில் கிடப்பதை எல்லாம் நுகர்ந்து தீர்க்கப் புறப்பட்டால் பிறவிகள் போதா. ஒவ்வொரு நுகர்ச்சியும் புதிய ஆகாமியத்தைச் சேர்க்கும். ஆகவே சஞ்சிதத்தை நிருவாண தீக்கையில் ஆசிரியர் எரித்துவிடுகிறார். மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்ற ஆறு அத்துவாக்களிலும் தங்கியிருக்கும் வினையைச் சோதித்து, முளைக்காத வறுத்த வித்தாக்கிவிடுகிறார். பலன் தராமலே அது அழிகிறது. சமணத்திலும் இதே இரு வழி உண்டு: காலம் வந்து பலன் தந்து உதிர்வது ஒன்று, தவத்தீயில் காலத்துக்கு முன்பே உதிர்ப்பது மற்றது.

பழைய தோட்டாவைச் சுட்டுத் தீர்க்கிறேன் என்பவர் சஞ்சிதத்தைப் பிராரத்தமாக மாற்றிக்கொள்கிறார். சும்மா கிடந்ததை நாணேற்றுகிறார். அட்டை அடைப்பு பாதிக் குழலில் சிக்கிய அந்தத் துவக்கு அவர் சேர்த்துக்கொண்ட ஆகாமியம். இது சொல்விளையாட்டு என்று தள்ளுவோர் தள்ளட்டும். நுகர்ந்து தீர்ப்பது, நுகராமல் அழிப்பது என்று தீர்வை இரண்டாகப் பிரித்து, எது எதற்கு உரியது என்று வரையறுத்த தத்துவங்கள் அதிகமில்லை. ஆயுதக்குறைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த வேறுபாட்டுக்கு வந்து சேர 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ஆயிற்று.

மூன்றாவது வழி ஒன்றும் மனிதருக்குப் பழக்கம்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட்டுவிடுவது. தீவாருக்குச் சொல்லவே தேவையில்லை, சுற்றிலும் கடல். மகாபாரதத்தின் மௌசல பருவம் இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கும். முனிவர்களைக் கேலி செய்த யாதவ இளைஞர்களுக்குச் சாபமாக ஒரு இரும்பு உலக்கை பிறக்கிறது. அதை அரைத்துப் பொடியாக்கிக் கடலில் கொட்டுகிறார்கள். நியாயமான நடவடிக்கை என்றே அன்றைக்கு எவருக்கும் தோன்றியிருக்கும். பொடி கரையொதுங்கிக் கோரையாக முளைத்தது; அதைப் பிடுங்கியே யாதவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொன்றார்கள். அரைபடாமல் மிஞ்சிய துண்டை ஒரு மீன் விழுங்கியது என்றும், அது ஜரன் என்ற வேடனின் அம்புமுனையாகிக் கண்ணனின் பாதத்தில் தைத்தது என்றும் பாகவத மரபு சேர்க்கிறது. உலக்கையை அரைத்தவர் எவரும் அந்த அம்பை எய்யவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியா ஸ்கொட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள போஃபோர்ட் ஆழ்பள்ளத்தில் பத்து இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட வெடிபொருள்களைக் கொட்டியது. 1995இல் அந்தப் பக்கமாக எரிவாயுக் குழாய் பதித்தபோது பொஸ்பரஸ் எரிகுண்டுகள் ஆயிரக்கணக்கில் ஸ்கொட்லாந்துக் கரைகளில் ஒதுங்கின. வியாசரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இதில் புதுமை ஒன்றுமில்லை.

அதே பாரதத்தில் ஆயுதத்தைப் பத்திரமாக வைத்த கதையும் இருக்கிறது. அஞ்ஞாதவாசத்துக்குப் புறப்பட்ட பாண்டவர் தம் ஆயுதங்களை வன்னி மரத்தில் கட்டி, யாரும் நெருங்காதிருக்க ஒரு பிணத்தையும் சேர்த்துக் கட்டிவைத்தார்கள். ஆயுதம் கோயிலுக்குள்ளும் உண்டு: யாழ்ப்பாணத்துக் கோயில்களில் விஜயதசமி மானம்பூத் திருவிழாவில் வாழை வெட்டுவது நவராத்திரியின் முடிவு. ஆயுதத்தை வணங்குவதில் சைவத்துக்குக் கூச்சமில்லை. வளவின் மூலையில் மரத்தடியில் நட்ட சூலமே வைரவராக நிற்பது குடாநாடெங்கும் தீவுகளெங்கும் காணும் வழிபாடு. அனலைதீவுக்கும் காவல் தெய்வமாக ஐயனார் இருக்கிறார். ஆனால் நட்ட சூலத்தை எவரும் பிடுங்கி எறிவதில்லை. அது இருக்கும் இடம் ஊருக்கே தெரியும். விளக்கு வைக்கும் கை தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துகொண்டே இருக்கும். பாண்டவரின் வன்னி மரத்துக்கும் வைரவரின் சூலத்துக்கும் பொதுவானது இதுதான்: வைத்தவருக்கு அல்லது வணங்குபவருக்கு அதன் இடமும் கணக்கும் தெரியும். பரணில் மறந்த தோட்டாவுக்கும் காணியில் மறந்த வெடிக்கும் அந்தக் கணக்கு அறுந்துவிட்டது.

வசுபந்துவின் அநாதைக் காயத்துக்கு விடை தேடுபவர் இந்த இடத்தில்தான் தேட வேண்டும். எண்ணியவன் செத்தபின் எண்ணத்தைப் பின்தொடர வழியில்லை. அறிவைப் பின்தொடரலாம். எங்கே புதைத்தது, எத்தனை, எந்த வகை என்று தெரிந்தவர், தெரிந்திருக்க வேண்டியவர், தெரிந்தும் வாய் திறக்காதவர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே வருகிறது. எண்ணத்தை வைத்து அறம் பேசிய நூல்கள் இந்தக் கைமாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை என்பது அவற்றின் குறை என்றே எடுத்துக்கொள்ளலாம். சமணரின் மிகைதான் இங்கே உதவுகிறது. வில்லுக்கு உடல் கொடுத்த உயிரையே விடாத நூல், பெட்டகத்துக்குத் திறப்பு வைத்திருப்பவரை விட்டுவிடுமா?

இலங்கை 2017 டிசம்பர் 13ஆம் திகதி மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அது கையிருப்பை அழிக்க ஒரு கெடுவும், மண்ணுக்குள் இருப்பதை அகற்ற 2028 ஜூன் 1 என்று இன்னொரு கெடுவும் வைக்கிறது. சஞ்சிதத்துக்குத் தனி ஏடு, விதைத்ததற்குத் தனி ஏடு. வடக்கில் மிதிவெடி அகற்றும் அமைப்பான ஹலோ டிரஸ்ட் 2002 முதல் வேலை செய்கிறது, டேஷ், ஷார்ப் போன்ற உள்நாட்டு அமைப்புகளும் உண்டு. முகத்துக்குக் கவசமிட்டு வெயிலில் முழந்தாளில் அமர்ந்து ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைக் கீறும் அந்தப் பணியாளர்களில் பெண்கள் பலர். போரில் கணவரையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் அவர்களில் நிறைய. தாங்கள் வைக்காததைத் தாங்கள் அகற்றுகிறார்கள். கன்மக் கணக்கில் இதற்கு எந்தத் தலைப்பு என்று பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

தீக்கையைப் பற்றிய இன்னொரு விதியும் இங்கே ஒத்துப்போகிறது. தன் சஞ்சிதத்தைத் தானே எரித்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. அதற்கு ஆசிரியர் வேண்டும். தோட்டாவைப் பிரித்து மருந்தைத் தனியே கொட்டிக் கொளுத்தலாம் என்று கிளம்புபவரும், பழைய இரும்புக்காக எறிகணையின் வாலைக் கழற்றுபவரும் ஆசிரியரில்லாமல் தீக்கை எடுக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து அப்புவின் வீட்டைத் திருத்தும் பேரன் பெட்டகத்தின் அடியில் கடதாசித் தோட்டாக்களைக் கண்டால், அவற்றைக் கையால் எடுக்காமல் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிப்பதுதான் முறை. போரில் மிஞ்சிய வெடிபொருள் வடக்கில் கண்டெடுக்கப்படும்போது நீதவானின் அனுமதி பெற்று விசேட அதிரடிப்படையின் வெடிபொருள் பிரிவு வந்து அழிப்பது வழக்கம். தீவகத்துக்கு அந்த நீதிமன்றம் ஊர்காவற்றுறையில் இருக்கிறது. அனலைதீவிலிருந்து அங்கே போகப் படகு ஏற வேண்டும். தோட்டா அந்தப் படகில் ஏறக்கூடாது. தகவல் மட்டும் போனால் போதும்.